எடுக்கக் கூடாத போன்

சமாதானபுரத்தில் பேட்டை பஸ் ஏறியதுமே வடிவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டது. என்றைக்கும் கிடைக்காதது. வேலை இருந்த நாளெல்லாம் ஒரு கை கம்பியிலும் ஒரு கை போனிலுமாக, எவளோ ஒருத்தியின் சாப்பாட்டுப் பை இடுப்பில் இடிக்க இடிக்கத் தொங்கிக்கொண்டு போனவளுக்கு, வேலை போன அன்றைக்குப் பார்த்து ஜன்னல், காற்று, பக்கத்து சீட்டும் காலி. நல்லா இருக்கு உங்க நியாயம் என்று யாரைப் பார்த்தென்று தெரியாமல் முணுமுணுத்துக்கொண்டாள். மடியில் பை. பைக்குள் தூக்குவாளி, குடை, காகிதத் தட்டோடு மடித்து வைத்த கேக் துண்டு, எல்லாவற்றுக்கும் அடியில் போன். போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, சர்ச் மணிச் சத்தம். மூன்றாம் மாடிப் பிரசவ வார்டு ஜெயசீலி சிஸ்டர் கூப்பிட்டால் மட்டும் அந்த மணி அடிக்கும்படி கூட வேலை பார்த்த பர்வீன் விளையாட்டுக்கு வைத்துக் கொடுத்தது. முன் சீட்டுக் கிழவர் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் சில்லறையை எண்ணிக்கொண்டே, "எம்மா, போனு அடிக்குல்லா" என்றார். "அடிக்கட்டும்ணே" என்றாள் வடிவு. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து அவளே கேட்டதில்லை. குளிக்கப் போனாலும் சோப்பு டப்பா பக்கத்தில் போனை வைத்துவிட்டுக் குளிக்கிறவள். நான் உன்னையக் கெட்டினேனா உன் போனையக் கெட்டினேனா என்று வீட்டுக்காரர் கேட்காத நாள் கிடையாது. மனுஷன் கோபமாகக் கேட்பதில்லை, சிரித்துக்கொண்டே கேட்பார், அதனால் இவளும் பதில் சொல்வதில்லை. இன்றைக்கு என்ன சொல்வது அவரிடம். இனிமே போன் அடிக்காது, நீங்க நிம்மதியா தூங்கலாம்னு சொல்லலாம். மணி நின்றது. ஒரு மூச்சு விடுவதற்குள் மறுபடியும் ஆரம்பித்தது.

எடுக்கக் கூடாது. அதுதான் பேச்சு. பேச்சை ஆரம்பித்தவளே இவள்தான், அதுதான் வேடிக்கை. ஆஸ்பத்திரி ஸ்கூட்டர் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் கம்ப்யூட்டர் சப்போர்ட்டு ஆட்கள் நாலு பேரும் நின்றார்கள், கழுத்தில் ஐடி கார்டு இல்லாமல், அது இல்லாமல் கழுத்து ஒரு மாதிரி வெறுமையாக இருந்தது, இப்போதும் இருக்கிறது, விரல் அடிக்கடி அங்கே போய்விட்டு வருகிறது. கான்ட்ராக்ட் கம்பெனிக்காரர் போனில் பேசி முடித்திருந்தார். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார்கள். நல்ல செய்திதாம்மா என்றுதான் ஆரம்பித்தார், புராஜெக்ட் அமோக வெற்றி, நீங்க எல்லாம் பெருமைப்படணும், கம்ப்ளைன்டே இல்லாத இடத்துல எதுக்கு சப்போர்ட்டுன்னு ஆஸ்பத்திரியில கேக்காங்க, நியாயம்தானே, நாளையில இருந்து வர வேண்டாம், கார்டை வாட்ச்மேன்கிட்ட கொடுத்துட்டுப் போயிருங்க. நாலு பேரும் ஒரே குரலில் தேங்க்யூ சார் என்று சொன்னார்கள். பழக்கதோஷம். போனை வைத்த பிறகுதான் மைக்கேல், எக்கா, எதுக்குத் தேங்க்யூ சொன்னோம் என்று கேட்டான். இசக்கி மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான், ஆறடி ஆள், அழுகை வந்தால் மரத்தைத்தான் பார்ப்பான். பர்வீன் அழவில்லை, மூக்கு மட்டும் சிவந்தது. அதுகளைப் பார்க்கப் பார்க்க வடிவுக்கு ஆத்திரம் ஏறியது. தான் பெத்ததுகளைப் போல என்று சொன்னால் மிகை, அவளுக்கு அவ்வளவு வயசும் ஆகவில்லை, ஆனாலும் அந்தப் படிக்கட்டுக்கடி அறையில் ஒரே தூக்குவாளியில் கைவிட்டுத் தின்றதுகள். அந்த ஆத்திரத்தில்தான் சொன்னாள். இன்னைக்கு ராத்திரி ஒருத்தரும் போன எடுக்கக் கூடாது. எந்த வார்டுல இருந்து யார் கூப்பிட்டாலும் சரி. மாட்டிக்கிட்டு நிக்கட்டும். நின்னாத்தான் கம்ப்ளைன்ட் போடுவாங்க, போட்டாத்தான் மேல உள்ளவங்களுக்குத் தெரியும், காலையில அவங்களே கூப்பிடுவாங்க. மத்தியான மீட்டிங்கில் மிஞ்சிய கேக் பெட்டியில் இசக்கி கையடித்துச் சத்தியம் செய்தான். மைக்கேல் அதன்மேல் கை வைத்தான். பர்வீன் நான் சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்க்கா, சொன்னா சொன்னதுதான் என்றாள். பெரிய வீராங்கனை. இப்போது இங்கே மணி அடிக்கிறது, வீராங்கனைகளின் தலைவிக்குக் கை பைக்குள் போகிறது, வெளியே வருகிறது, போகிறது.

பஸ் முருகன்குறிச்சியில் நின்று ஆளை ஏற்றியது. கேக் நசுங்கிவிடக் கூடாதே என்று பையைத் தூக்கிப் பிடித்தாள். நீலக் கலர் கேக். அதைச் சாப்பிட்டால் நாக்கு நீலமாகும், மத்தியானம் பெரிய டாக்டர் சிரித்தபோது அவர் பல்லெல்லாம் நீலம். மீட்டிங் ஹாலில் சுவரெல்லாம் வெளிச்சமாகப் படம் போட்டார்கள். காகிதத்தை எல்லாம் ஒழித்துக் கம்ப்யூட்டருக்கு மாறி ஒரு வருஷம். ஆரம்பத்தில் மலை மாதிரி ஏறிய கோடு, மாசாமாசம் இறங்கி இறங்கி, கடைசியில் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. கம்ப்ளைன்ட் பூஜ்யம். எல்லோரும் கை தட்டினார்கள். பின்வரிசையில் சுவரோரம் நின்ற நாலு பேர் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினார்கள். மைக்கேல் விசில்கூட அடித்தான், பர்வீன் அவனைக் கிள்ளினாள். சும்மாவா, அந்தக் கோடு இறங்கினது யாரால், நர்சுகளுக்குப் பின்னால் நின்று நின்று சொல்லிக்கொடுத்து, மாட்டிக்கொண்டால் மாடிப்படி ஏறி ஓடி எடுத்துவிட்டது யார். நம்ம கோடு. தன் வேலைக்குத் தானே கை தட்டி வழியனுப்பின கூட்டம் உலகத்தில் வேறு எங்கேயாவது இருக்குமா. நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. கோடு படுத்துவிட்டதே, போன் படுக்கவில்லையே என்று அந்த ஹாலில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இவளுக்கே தோன்றவில்லை. அந்த நேரத்திலும் இவள் இடுப்பில் போன் அதிர்ந்துகொண்டுதான் இருந்தது, இதோ வாரேன் சிஸ்டர் என்று கையால் வாயை மூடிக்கொண்டு பேசிவிட்டுத்தான் கேக்குக்கே கை நீட்டினாள்.

கம்ப்ளைன்ட் போடாதீங்க, எனக்குப் போன் போடுங்க. இதைச் சொன்ன வாயைத் தைக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு வேறு என்ன சொல்வது. ஆரம்ப நாளில் ஜெயசீலி சிஸ்டர் சொன்னபடி கேட்கிற நல்ல பிள்ளையாக, கம்ப்யூட்டர் மூலையில் அதற்கென்று இருந்த இடத்தில் யாரையோ போடச் சொல்லி ஒன்று போட்டார், அடுத்த நாள் இன்னொன்று. வார இறுதியில் ஆபீசில் கூப்பிட்டு, உங்க வார்டுல மட்டும் ஏன் இவ்வளவு கம்ப்ளைன்ட், வயசாயிட்டுன்னா சொல்லுங்க சிஸ்டர் என்று கேட்டுவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் பிள்ளைகளைக் கையில் வாங்கின மனுஷி. துணி அடுக்கும் அறையில் போய் நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். வடிவு அந்தப் பக்கம் தற்செயலாகப் போனவள்தான். போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். இந்த எலியைப் பிடிச்சு நகத்துததுக்கு எனக்குக் கை வரலை வடிவு, நான் கிறுக்கி இல்லைல்லா என்று கேட்டார் சிஸ்டர். மவுஸைத்தான் எலி என்பார் அவர், விளையாட்டுக்கு இல்லை, கோபத்தோடு சொல்வார். வடிவு அவர் கையின்மேல் தன் கையை வைத்து அந்த எலியை நகர்த்திப் பழக்கினாள், நாள்கணக்கில். பிளாஸ்டரைக் கிழித்து அதில் தன் நம்பரை எழுதிக் கம்ப்யூட்டர் நெற்றியில் ஒட்டினாள். யாருக்கும் தெரிய வேண்டாம், என்னையக் கூப்பிடுங்க, நான் வாரேன். மறுநாள் நாலாம் மாடியில் கேட்டார்கள், அங்கேயும் பிளாஸ்டர். கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரி முழுக்கக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் நெற்றியில் காயம் பட்டதுபோல் ஒரு பிளாஸ்டர், வடிவு நம்பர், பர்வீன் நம்பர், இசக்கி நம்பர். கோடு இறங்காமல் என்ன செய்யும்.

மணி நின்று மறுபடியும் அடித்தது. சிக்னலில் பஸ் நின்றது, வண்ணார்பேட்டையில் ஜவுளிக்கடைகளுக்கு விளக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். வடிவு பார்க்காமல் இருக்கத்தான் பார்த்தாள். கண்ணாடிக்கு உள்ளே யூனிபார்ம் சேலை கட்டின பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நிற்பார்கள். ஆள் வந்தாலும் நிற்க வேண்டும், வராவிட்டாலும் நிற்க வேண்டும். வடிவும் நின்றவள்தான், கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும், முழங்காலுக்குப் பின்னால் நரம்பு நீலமாகச் சுருண்டு புடைத்துக்கொள்ளும்வரை. ராத்திரி காலைச் சுவரில் தூக்கி வைத்துத்தான் தூக்கம் வரும். பிறகு தபாலில் படித்த டிகிரியும் தெருமுனை கம்ப்யூட்டர் கிளாசும் சேர்ந்து இந்த வேலையில் கொண்டுவந்து விட்டன. முதல் நாள் படிக்கட்டுக்கடி அறையில் ஒரு நாற்காலியைக் காட்டி, இது உங்களுதுக்கா என்றான் இசக்கி. ஒரு சக்கரம் கிடையாது, உட்கார்ந்தால் தெற்கே சாயும். அந்த நாற்காலியில் சாய்ந்தபடி உட்கார்ந்து அன்றைக்கு அவள் பட்ட சந்தோஷத்தை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். வேலை நேரத்தில் உட்காரலாம், அதற்குச் சம்பளமும் தருவார்கள் என்றால் சும்மாவா. இனிமேல் மறுபடியும் அந்தக் கண்ணாடிக்கு உள்ளேதான். அங்கே யாருக்கும் பேர் கிடையாது, யம்மா அந்தப் பச்சையை எடு, யம்மா அந்தக் கரையை விரி. இங்கே அவள் வடிவு. வடிவக்கா எங்கே, வடிவைக் கூப்பிடு, வடிவு வந்தாத்தான் சரியாகும். ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி இந்தப் போனை எடுக்காமல் இருந்தால் அது திரும்பக் கிடைக்கலாம். நாலு பேருக்கும் கிடைக்கலாம். பர்வீனுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், வேலை இருக்கிற பெண் என்று சொல்லித்தான் பார்க்கிறார்கள். இசக்கி இப்போதுதான் தங்கச்சியைக் காலேஜில் சேர்த்தான். இவள் எடுத்துவிட்டால் நாலு பேர் பிழைப்பிலும் மண். எடுக்க மாட்டேன் சிஸ்டர், கோவிச்சுக்கிடாதீங்க. உள்ளங்கையைப் பையின்மேல் வைத்து அமுக்கினாள். துணியைத் தாண்டி அது உள்ளங்கையில் துடித்தது.

என்ன கேட்கப் போகிறார் என்று தெரியாவிட்டாலாவது பரவாயில்லை. தெரிகிறதே. சாயந்தரம் இந்த நேரம் ஜெயசீலி சிஸ்டர் விடாமல் கூப்பிட்டால் அது டிஸ்சார்ஜ்தான். மிச்ச மருந்தைத் திருப்பிக் கொடுத்தது கீழே மருந்துக் கடைக் கம்ப்யூட்டரில் ஏறாமல் நிற்கும், அது ஏறாதவரைக்கும் டிஸ்சார்ஜ் பொத்தான் உயிரில்லாமல் சாம்பல் நிறத்தில் கிடக்கும், சிஸ்டர் அதையே குத்திக் குத்திப் பார்ப்பார். இரண்டு சொல் சொன்னால் முடிந்தது. யாருக்கு டிஸ்சார்ஜ் என்பதும் தெரியும். ஜன்னலோரக் கட்டில் பெண். காலையில் பார்த்தாளே. முக்கூடல் பக்கத்துப் பெண், தலைப்பிள்ளை, தலைக்குக் குளித்து முடியை விரித்துப் போட்டுக்கொண்டு, வெந்நீர் பிளாஸ்க்கை விடிந்ததுமே பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. விளக்கு வைக்கதுக்குள்ள வீட்டுப்படி ஏறிரணும்க்கா, எங்க அத்தை சொல்லி விட்டுருக்காங்க என்று இவளிடமே சொன்னது, இவள் என்னவோ ஆஸ்பத்திரி முதலாளி மாதிரி. பிள்ளை முகம் சரியாகத் தெரியவில்லை, துணிக்கு வெளியே ஒரு காது மட்டும் தெரிந்தது, சின்னது, இன்னும் விரியாமல் மடங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. இந்நேரம் லிஃப்ட் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். கீழே கார் நிற்கும். டிரைவர் ஹாரன் அடிப்பான். அந்தக் காதுக்கும் கான்ட்ராக்ட் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம். நாற்காலியைப் பிடுங்கினது ஒருத்தன், பெஞ்சில் காத்துக் கிடப்பது வேறு யாரோ. பஸ் பாலத்தில் ஏறியது. ஆற்றுக்கு மேலே மேற்கே வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது, தைப்பூச மண்டபத்துப் படியில் யாரோ துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். இருட்டப் போகுதே என்று நினைத்தாள். நினைத்ததுதான் தாமதம், பையைக் கவிழ்க்காத குறையாக உள்ளே கையை விட்டாள். குடை வந்தது, தூக்குவாளி மூடி வந்தது, விரலெல்லாம் நீலக் கேக். போன் கைக்கு வருவதற்கும் மணி நிற்பதற்கும் சரியாக இருந்தது.

திருப்பிக் கூப்பிடலாம். ஆனால் பேச்சு என்று ஒன்று இருக்கிறதே. சத்தியம் வாங்கினவளே முறிப்பதென்றால் அதுகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முறிப்பதுதானே மரியாதை. இசக்கி, இந்த ஒரு தடவைடா, சின்னப் பிள்ளை விஷயம், ஏசாதே என்று சொல்ல வேண்டும். இசக்கியைக் கூப்பிட்டாள். வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றாள் உள்ளே இருக்கிற பெண். தங்கச்சியிடம் பேசுவான், பாவம், என்ன சொல்லி அழுகிறானோ. மைக்கேலைக் கூப்பிட்டாள். அவனும் வேறொரு அழைப்பில் இருந்தான். வடிவுக்குப் புருவம் ஏறியது. பர்வீன், சொன்னா சொன்னதுதான் பர்வீன், அவளைக் கூப்பிட்டாள். அவளும்தான். அடத் திருட்டுக் கழுதைகளா என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள், கிழவர் மறுபடியும் திரும்பினார். ஐசியூவுக்கு மைக்கேல், லேபுக்கு இசக்கி, நாலாம் மாடி முழுக்கவுக்கும் பர்வீன், இந்நேரம் எல்லாம் பஸ்ஸிலும் பைக்கிலும் தெருவோரத்திலும் நின்று, அந்தச் சிவப்புக் கட்டத்தைத் தொடுங்க சிஸ்டர், அது இல்ல, அதுக்குக் கீழ, என்று பேசிக்கொண்டிருக்கும். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள் வடிவு. சிரிப்புதானா என்று அவளுக்கே கொஞ்சம் சந்தேகம் வந்து முந்தானையால் துடைத்தாள். எடுக்காமல் இருக்க நமக்குத் தெரியாது. இந்த வேலைக்கு நாமதான் லாயக்கு, இந்தச் சண்டைக்கு நாம லாயக்கே இல்ல. அப்படியென்றால் இனி வேறு வழிதான் பார்க்க வேண்டும். என்ன வழி என்று யோசித்துக்கொண்டே சிஸ்டருக்குப் போட்டாள். ஒரு மணிகூட முழுசாக அடிக்கவில்லை.

"எங்க பிள்ள போயிட்ட? எத்தன மட்டம் அடிக்கேன். உடம்புக்கு என்னமும் செய்யுதோன்னு பயந்துட்டேன்."

"ஒண்ணும் இல்ல சிஸ்டர், பஸ்ஸுல வாரேன். ஜன்னலோரக் கட்டிலுக்கு டிஸ்சார்ஜ் ஆகலையா?"

"பாத்தியா, பாக்காமலே சொல்லுதா. அந்தப் பிள்ளை இருட்டப் போகுதுன்னு அழுதுரும் போல இருக்கு."

"அழ வேண்டாம்னு சொல்லுங்க. மருந்து திருப்பினதுன்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, மஞ்சளா. அதை ஒரு தடவ தொட்டுட்டு வெளிய வாங்க. வந்துட்டீங்களா. இப்பம் திரும்ப உள்ள போங்க."

எலி நகர்கிற சத்தம் கேட்டது. சிஸ்டரின் மூச்சு கேட்டது. ஜங்ஷன் நெரிசலில் பஸ் ஊர்ந்தது. "வந்துட்டு பிள்ள, பச்சையாயிட்டு" என்றார் சிஸ்டர், பிறகு போனை விலக்கிவிட்டு, "ஏட்டி, கிளம்பு கிளம்பு, பிள்ளை தலையை மூடிக்கோ" என்று சத்தம் போட்டார். லிஃப்ட் திறக்கிற மணி கேட்டது. அது மூடுகிறவரைக்கும் வடிவு காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வழி என்னவென்று அந்தச் சமயத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது.

"சிஸ்டர், வைக்காதீங்க. ஒரு கம்ப்ளைன்ட் போடுங்க."

"எதுக்கு? அதான் சரியாயிட்டுல்லா."

"சரியானாலும் போடுங்க."

"அது எப்படிப் போடன்னு எனக்குத் தெரியாதே. நீ அதைச் சொல்லியே தரலையே வடிவு."

வாஸ்தவம். ஒரு வருஷமாக எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள், அதை மட்டும் ஒருத்தருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆளாளுக்குப் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு, அந்த மூலையை மறைத்தே வைத்துவிட்டாள். "இப்பம் சொல்லுதேன்" என்றாள். "முன்ன உங்கள ஆபீசுல கூப்பிட்டு ஏசினாங்க. நான்தான் போட வேண்டாம்னேன். அது தப்பு சிஸ்டர். எங்க நாலு பேரையும் நிப்பாட்டிட்டாங்க. கம்ப்ளைன்டே இல்லையாம், அதனால நாங்க வேண்டாமாம். நாளைக்கு நான் வர மாட்டேன்."

 வார்டில் எங்கேயோ ஒரு பிள்ளை அழுதது, இன்னொன்று சேர்ந்துகொண்டது.  

"எந்த மூலை?" என்றார் சிஸ்டர். குரல் வேறாக இருந்தது, பிரசவ அறைக்குள் பேசுகிற குரல்.

"திரும்ப உங்களைக் கூப்பிட்டு ஏசுவாங்க சிஸ்டர்."

"ஏசட்டும். இந்தத் தடவ நான் துணி ரூமுக்குப் போக மாட்டேன், பெரிய டாக்டர் ரூமுக்குப் போவேன். அந்தப் பையனைப் பிறந்த அன்னைக்குக் கையில வாங்கினதே நான்தான். எந்த மூலைன்னு கேட்டேன்."

"மேல, வலது பக்கம். சின்னதா ஒரு கை மாதிரி படம் இருக்கும். எலியை அங்க கொண்டு போங்க. அமுக்குங்க. ஒரு வெள்ளைக் கட்டம் வரும்."

"வந்துட்டு. இதுல என்ன எழுத?"

"என்ன பிரச்சனையோ அதை எழுதுங்க சிஸ்டர். மருந்து வரி ஏறலைன்னு எழுதுங்க."

சிஸ்டர் ஒற்றை விரலால்தான் தட்டுவார், ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லித்தான் தட்டுவார். ஆர்ச்சைத் தாண்டி பஸ் டவுனுக்குள் நுழைந்தது. "வி" என்றார் சிஸ்டர். எழுத்தைத் தேடினார். "ஏ" என்றார். மருந்துக்கு எதற்கு வி என்று வடிவு யோசித்தாள். "டி. ஐ. இந்த வி திரும்ப எங்க போச்சு, இந்தா இருக்கு, வி. யூ." வடிவு போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கண்டக்டர் சந்திப் பிள்ளையார் முக்கு என்று கூவினார், இவள் இறங்க வேண்டிய இடம், இரண்டு பேர் இறங்கினார்கள், பஸ் கிளம்பியது. சிஸ்டர் நிறுத்தி நிறுத்தி மிச்சத்தையும் தட்டி முடித்தார்.

"எழுதிட்டேன். வடிவு இல்லை. அதாம் பிரச்சனை, வேற ஒண்ணும் இல்ல. அடுத்து என்ன அமுக்கணும்?"

  "கீழ பச்சையா ஒண்ணு இருக்கும் சிஸ்டர்" என்றாள்.

"அமுக்கிட்டேன். போயிட்டு. இன்னொண்ணு போடணும்னாலும் இதே மாதிரிதானே?"

"இதே மாதிரிதான் சிஸ்டர்."

"அப்பம் லைன்லயே இரு. பர்வீனுக்கு ஒண்ணு போடுதேன்."